இடித்துவிட்ட ஸ்டோர் வீட்டு விலாசத்தை வைத்து முன்னோர்களைத் தேடுவது எப்படி

பழைய கல்யாணப் பத்திரிகையிலோ போஸ்ட் கார்டிலோ தாத்தாவின் திருவல்லிக்கேணி விலாசம் கிடைத்திருக்கும். அந்த எண்ணைத் தேடிப் போனால் நான்கு மாடி ஃபிளாட்ஸ் நிற்கும், வாட்ச்மேனுக்கு ஒன்றும் தெரியாது. பெரும்பாலானவர்கள் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். ஆனால் 'ஸ்டோர்' என்று சொன்ன ஒண்டுக்குடித்தன வீடுகள், அதாவது ஒரே வீட்டில் பல குடும்பங்கள் வாடகைக்கு இருந்தவை, போகும்போது சும்மா போவதில்லை. அவற்றை இடிப்பதற்கே நிறைய காகிதம் தேவைப்பட்டது, நமக்கு வேண்டியது அந்தக் காகிதம்தான்.

முதலில் ஒரு ஆசையை விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் 72 வருஷம் கழித்து சென்சஸ் தாள்களைத் திறந்துவிடுகிறார்கள், வீடு வீடாகப் பெயர் பார்க்கலாம். நம் ஊரில் அது நடக்காது. 1948ஆம் வருஷத்துச் சட்டப்படி தனி மனிதர் பற்றிய சென்சஸ் விவரத்தை யாருக்கும் காட்ட மாட்டார்கள். அதனால் சுற்றுவழிதான்.

கையில் இருக்கும் காகிதம் எந்தக் காலத்தது என்று முடிவு செய்யுங்கள். தபால் முத்திரையில் தேதி தெரிந்தால் வேலை முடிந்தது. தெரியாவிட்டால் விலாசத்தைப் பாருங்கள். ஆறு இலக்க பின்கோடு 1972 ஆகஸ்டில்தான் வந்தது, ஆகவே 600005 என்று இருந்தால் அதற்குப் பிந்தையது. வெறும் 'மெட்ராஸ்-5' என்றால் முந்தையதாக இருக்கலாம், ஆனால் இன்றும் 'சென்னை-5' என்று எழுதுபவர்கள் இருப்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். வாடகை ரசீதில் அணா இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது, நயா பைசா என்றால் 57க்கும் 64க்கும் நடுவில். கார்டு என்றால் அனுப்பிய ஊரின் முத்திரையையும் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சொந்த ஊர் எந்தத் தபாலாபீஸ் பக்கம் என்பது பல குடும்பங்களுக்கு அதிலிருந்துதான் தெரிய வருகிறது.

அப்புறம் தெரு. பைகிராஃப்ட்ஸ் ரோடு பாரதி சாலை ஆனது, லாயிட்ஸ் ரோடு அவ்வை சண்முகம் சாலை, எட்வர்ட் எலியட்ஸ் ரோடு ராதாகிருஷ்ணன் சாலை, மௌப்ரேஸ் ரோடு டி.டி.கே. சாலை. இதெல்லாம் ஊரறிந்தது. சிக்கல் சந்துகளில்தான். 1970களின் கடைசியில் தெருப் பெயர்களிலிருந்து சாதி வாலை எடுக்கச் சொன்னார்கள், அதில் முதலி, செட்டி, நாயக்கன் எல்லாம் விழுந்து வெறும் பெயர் மட்டும் நின்றது. ஒரே பேட்டையில் ஒரே பெயரில் இரண்டு தெரு இருந்தால் எது உங்களுடையது என்று கோயில், குளம், பள்ளிக்கூடம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்ன அடையாளத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

கதவு எண்ணை மட்டும் நம்பிப் போகாதீர்கள். இன்று வாசலில் 'பழைய எண் 14, புதிய எண் 31' என்று இருந்தாலும் அந்தப் 'பழைய' எண்ணே உங்கள் தாத்தா காலத்து எண் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது, அதற்கு முன்னாலும் எண்கள் மாறியிருக்கலாம். மாறினாலும் தடம் விட்டுப்போவது சர்வே எண்தான். சென்னைப் பத்திரங்களின் சொத்து விவரத்தில் பிளாக் எண், பழைய சர்வே எண், ஆர்.எஸ். எண் (மறு சர்வே எண்), சில சமயம் கலெக்டர் சர்டிஃபிகேட் எண், கூடவே நான்கெல்லை எல்லாம் இருக்கும். இதை எங்கே பிடிப்பது?

அந்த ஃபிளாட்ஸில்தான். அங்கே ஃபிளாட் வாங்கிய ஒவ்வொருவரிடமும் மூலப் பத்திரத்தின் ஜெராக்ஸ் கட்டு ஒன்று இருக்கும். பாங்க் லோன் எடுத்திருந்தால் வக்கீலின் லீகல் ஒப்பினியனும் இருக்கும். அதில் மனை யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எந்த வருஷம் பாகப்பிரிவினை, யார் உயில் என்று முப்பது வருஷத்துக்கும் மேலான கதையை வரிசையாக எழுதியிருப்பார்கள். அசோசியேஷன் செயலாளரைப் பிடியுங்கள். 'எங்கள் தாத்தா இங்கே குடியிருந்தார், பழைய ஓனர் பெயர் மட்டும் தெரிந்தால் போதும்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் சொத்தில் பங்கு கேட்டு வந்திருக்கிறீர்கள் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

அது நடக்கவில்லை என்றால் வில்லங்கச் சான்று, அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல். பதிவுத் துறைத் தளத்தில் பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதல் பார்க்கலாம், அதற்கு முந்தையதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, தேடுகிற ஆண்டுகளுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். ஆனால் ஒன்று, வில்லங்கத்தில் உங்கள் தாத்தா பெயர் வராது. மாத வாடகைக்காரர்கள் எதையும் பதிவு செய்யவில்லை. வருவது வீட்டுக்காரர் பெயர்தான், அது போதும்.

ஏன் போதும் என்றால், இதுதான் இந்த வேலையின் முக்கியமான இடம், வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலத்தில் ஒரு ஸ்டோரை இடித்துக் கட்டுவது வீட்டுக்காரருக்கு லேசில் முடியாது. 1949லும் பிறகு 1960லும் வந்த அந்தச் சட்டங்களின்படி, தானாகக் காலி செய்யாத குடித்தனக்காரர் மேல் சிறு வழக்கு நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். 1960 சட்டத்தில் 14(1)(பி) பிரிவு இடித்துக் கட்டுவதற்கென்றே இருந்தது. வாடகை பாக்கி, சொந்த உபயோகம் என்று வேறு பிரிவுகளும் உண்டு. இப்படி ஒரு மனுவில் குடித்தனக்காரர் பெயர், எந்தப் போர்ஷன், என்ன வாடகை, எத்தனை வருஷமாக இருக்கிறார் என்பதெல்லாம் வந்துவிடும். கீழ்க் கோர்ட்டுக் கட்டுகள் காலக்கெடு முடிந்ததும் அழிக்கப்படுவதால் அங்கே கிடைக்காமல் போகலாம். ஆனால் சீராய்வு மனுவாக ஹைகோர்ட் வரை போனவற்றில் பல தீர்ப்புகள் சட்ட இதழ்களிலும் இணையத்திலும் இருக்கின்றன. வீட்டுக்காரர் பெயரைப் போட்டுத் தேடுங்கள், தெருப் பெயரையும் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள். வழக்கில் இருப்பவர் உங்கள் தாத்தாவாக இல்லாமல் எதிர் போர்ஷன்காரராக இருந்தாலும் பரவாயில்லை. ஒரே ஊர்க்காரர், ஒரே ஆபீஸ்காரர் என்று சொல்லித்தானே ஸ்டோருக்குள் இடம் பிடிப்பார்கள்? அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடித்தால் உங்கள் குடும்பத்தைத் தெரிந்த ஒரு அத்தையோ மாமாவோ அங்கே இருக்க வாய்ப்பு அதிகம்.

வீட்டுக்காரரின் வாரிசுகளையும் விட வேண்டாம். வாடகைக் கணக்கு நோட்டை வைத்திருக்கிறவர்கள் இன்றும் உண்டு.

இனி பெயரை வைத்துத் தேடுவது. மாநகராட்சிப் பிறப்புப் பதிவில் பழைய காலத்தில் பெரும்பாலும் குழந்தைக்குப் பெயரே இருக்காது, 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருக்கும். அப்பா பெயரையும் தெருவையும் வைத்துத்தான் தேட வேண்டும். இறப்புப் பதிவு இன்னும் உபயோகமானது, வயது இருக்கும், அதிலிருந்து பிறந்த வருஷத்தைக் கணக்குப் போடலாம். பள்ளிக்கூட அட்மிஷன் ரிஜிஸ்டரை மறக்கவே கூடாது. திருவல்லிக்கேணி இந்து ஹைஸ்கூல், மயிலாப்பூர் பி.எஸ். ஹைஸ்கூல் மாதிரி பழைய பள்ளியில் படித்தவர் என்றால், தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் கடிதம் கொடுத்து, சேர்ந்த வருஷத்தை உத்தேசமாகச் சொல்லிக் கேளுங்கள். முன்னால் எந்த ஊர்ப் பள்ளியில் படித்தார் என்பது அங்கே கிடைத்தால் அப்படியே சொந்த ஊருக்குப் போய்விடலாம். யாராவது பெயர் மாற்றியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வந்திருக்கலாம், அதில் அப்பா பெயர், பிறந்த தேதி, விலாசம் மூன்றும் உண்டு. எண்கணிதம் பார்த்து ஒரு எழுத்தைக் கூட்டிக்கொண்ட சித்தப்பா இருந்தால் அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

ஸ்டோர் 2000க்குப் பிறகும் நின்றது என்றால் 2002, 2005 வாக்காளர் பட்டியல்களைத் தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் பாருங்கள். வரிசை வீட்டு எண் பிரகாரம் இருப்பதால் ஒரே கதவு எண்ணில் இருந்த எல்லாக் குடித்தனங்களும் அடுத்தடுத்து வரும். பழைய மெட்ராஸ் டைரக்டரிகளைச் சிலர் சொல்வார்கள். அசைலம் பிரஸ் டைரக்டரியில் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களும் அதிகாரிகளும் வக்கீல்களும்தான் இருப்பார்கள். குமாஸ்தா தாத்தாவை அதில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், வீட்டுக்காரர் பெரிய புள்ளி என்றால் மட்டும் புரட்டுங்கள்.

எங்கே போனாலும் ஒரு தாளில் பழைய தெருப் பெயர், புதிய பெயர், எல்லாக் கதவு எண்கள், சர்வே எண், உத்தேச வருஷம், தாத்தா பெயரின் எல்லா எழுத்துக்கூட்டல்களும் எழுதி எடுத்துப் போங்கள். கவுன்டரில் இருப்பவருக்குக் குடும்பக் கதையைக் கேட்க நேரமில்லை, ஆனால் சர்வே எண்ணைச் சொன்னால் எழுந்து போய் ரிஜிஸ்டரை எடுப்பார்.