கண் வறட்சிக்குப் பனிக்குடச் சவ்வு: வைப்பதற்கு முன்னும் பின்னும் செய்யும் தவறுகள்

கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தல், சாயங்காலமானால் எரிச்சல், சொட்டு மருந்து விட்டால் பத்து நிமிஷம் ஆறுதல், மறுபடி அதே கதை. வருஷக்கணக்கில் இப்படி ஓட்டியவரிடம் “பனிக்குடச் சவ்வு வைத்துப் பார்க்கலாம்” என்று மருத்துவர் சொன்னால், ஒன்று அருவருப்பு வரும். அல்லது இதோடு எல்லாம் தீர்ந்தது என்ற நம்பிக்கை வரும். இரண்டும் வேண்டாம்.

அருவருப்புக்குக் காரணமே இல்லை. வயிற்றில் குழந்தையைச் சுற்றியிருக்கும் பையின் உள்பக்கச் சவ்வு அது. பிரசவம் முடிந்தால் நஞ்சுக்கொடியோடு குப்பைக்குப் போவது. பெரும்பாலும் திட்டமிட்ட சிசேரியனின்போது, தாயின் சம்மதத்தோடு எடுத்து, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள், சிபிலிஸ் ஆகியவற்றுக்குச் சோதித்த பிறகே பதப்படுத்துகிறார்கள். சுண்ணாம்போ ஆசிடோ பட்ட கண்களுக்கும், மருந்து ஒவ்வாமையால் வரும் ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய்க்கும் இந்தியாவில் இது பழகிய சிகிச்சைதான்.

நம்பிக்கை விஷயம்தான் சிக்கல். சவ்வு செய்வது இவ்வளவே: புண்பட்ட கருவிழியின் மேல் ஒரு போர்வையாகக் கிடந்து, அழற்சியை அடக்கி, மேல்தோல் மறுபடி வளர இடம் தருகிறது. கண்ணீரைச் சுரக்க வைப்பது அதன் வேலையில்லை. பெரும்பாலானவர்களுக்குக் கண் வறள்வதே இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபட்டு, இருக்கிற கண்ணீர் சீக்கிரம் ஆவியாவதால். அதைக் கவனிக்காமல் சவ்வு வைப்பது, ஒழுகும் கூரையைச் சரிசெய்யாமல் சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரி. கொஞ்ச நாள் பளிச்சென்று இருக்கும், அப்புறம் பழைய கறை.

2018இல் வெளியான ஓர் ஆய்வில் 84 பேரின் 97 கண்களுக்குச் சராசரியாக ஐந்து நாள் சவ்வு வைத்தார்கள். 88 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். விளம்பரங்களில் இந்த எண்ணைத்தான் பார்ப்பீர்கள். பழைய மருத்துவப் பதிவுகளைப் புரட்டிச் செய்த ஆய்வு அது, சவ்வு வைக்காதவர்களோடு ஒப்பிட்டது அல்ல என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அதனால் எடுத்த எடுப்பில் இதைக் கேட்டு வாங்காதீர்கள். கண் வறட்சிக்கென்று 2017இல் வந்த சர்வதேச வழிகாட்டி இதை நான்காவது, அதாவது கடைசிப் படியில்தான் வைத்திருக்கிறது. வெந்நீர் ஒத்தடம், இமைச் சுத்தம், கெடாமல் காக்கும் ரசாயனம் கலக்காத சொட்டு மருந்து, கண்ணீர்த் துளைக்கு அடைப்பான், சொந்த ரத்தத்தின் சீரத்தில் செய்த சொட்டு எல்லாம் முன்னால் வருகின்றன. பலர் ஆண்டுக்கணக்கில் விடும் சொட்டில் பென்சால்கோனியம் குளோரைடு என்ற அப்படிப்பட்ட ரசாயனம் இருக்கும். அதை அடிக்கடி விட்டால் அதுவே கருவிழியைக் காயப்படுத்தும். பாட்டில் லேபிளைப் பார்க்க ஒரு நிமிஷம் போதும்.

சவ்வு இரண்டு விதமாக வரும். உறைநிலையில் காத்தது ஒரு பிளாஸ்டிக் வளையத்தில் இழுத்துக் கட்டியிருக்கும். உலர்த்தியதைக் கண்ணில் வைத்து மேலே பேண்டேஜ் லென்ஸ், அதாவது கட்டுப் போட்ட மாதிரி கருவிழியை மூடிக் காக்கும் காண்டாக்ட் லென்ஸ் போடுவார்கள். வளையம் வைத்த நாட்களில் பார்வை மங்கும், உறுத்தும். இதை யாரும் முன்கூட்டியே சொல்லாததால் பயந்து போய்க் கண்ணைக் கசக்குகிறவர்கள் உண்டு. கசக்கக் கூடாது. உறுத்தல் தாங்கவில்லையென்றால் மேல் இமையில் ஒரு டேப் ஒட்டி அசைவைக் குறைப்பார்கள், கேளுங்கள். சவ்வு தானாகக் கரைந்து போகலாம், வளையம் கரையாது. கண்ணாடி முன் நின்று அதை நீங்களே எடுக்காமல் மருத்துவரிடம் போங்கள். தலைக்குக் குளிக்கும்போது கண்ணில் தண்ணீர் போக விடாதீர்கள், நீச்சல் வேண்டாம், வண்டி ஓட்டவும் வேண்டாம். இரண்டு கண்ணிலும் ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டால் வீட்டுக்குள் நடக்கவே சிரமம். வலி கூடினாலோ, சீழ் வந்தாலோ, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. பாட்டி சொன்னார் என்று தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விடுவது சாதாரண நாளிலேயே ஆபத்து, இப்போது சொல்லவே வேண்டாம்.

கண் அழுத்த நோய்க்கு அறுவை செய்தவர்கள், வடிகுழாய் வைத்தவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வளையம் அவர்களுக்கு ஒத்துவராது. மருந்து ஒவ்வாமையையும் மறைக்காதீர்கள். பதப்படுத்தும்போது சேர்க்கும் சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் சவ்வில் ஒட்டியிருக்கலாம்.

இன்னொரு குழப்பம், “பனிக்குட நீர் சொட்டு” என்று விற்கப்படும் பாட்டில்கள். சவ்வும் இதுவும் ஒன்றல்ல. இப்படிப்பட்ட எந்தச் சொட்டுக்கும் தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023இல் எச்சரித்தது.

சவ்வை எடுத்ததும் கண் லேசாக இருக்கும், அந்த வாரத்தில்தான் நிறையப் பேர் ஒத்தடத்தை விட்டுவிடுகிறார்கள். எடுக்கும் அன்றே, எந்தச் சொட்டை எத்தனை நாள் தொடர வேண்டும், ஒத்தடத்தை எப்போது மறுபடி தொடங்கலாம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.