தனித்து நிற்கும் பிள்ளைக்குப் படப் புத்தகம்: தெரிவு செய்வதும் வாசிப்பதும்

வார நாட்களில் நான் முன்பள்ளி ரீச்சர். சனிக்கிழமை பின்னேரங்களில் திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள சனசமூக நிலையத்தில் சிறு பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் படப் புத்தகம் வாசிக்கிறேன். தாய்மார் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "ரீச்சர், பிள்ளைக்குப் பள்ளியில கூட்டாளி ஒருத்தரும் இல்லையாம். அப்படிக் கதை ஏதும் இருக்கா?" தரம் ஒன்று தொடங்கிய புதிதில் இந்தக் கேள்வி இன்னும் கூடும். கதைகள் நிறைய இருக்கின்றன. ஆனால் எல்லாம் உதவாது. உதவக்கூடிய புத்தகத்தையும் வாசிக்கிற விதத்தில் கெடுத்துவிட இடமுண்டு. ஆகவே புத்தகம் தெரிவு செய்வதிலிருந்தே சொல்கிறேன்.

முதலில் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள்

நட்பைப் பற்றிய புத்தகம் கையில் கிடைத்தால் நான் பின்னாலிருந்துதான் புரட்டுவேன். இப்படி ஒரு கதை நிறையப் புத்தகங்களில் வரும்: நிறம் வேறான ஒரு மீனை, அல்லது நொண்டி ஆட்டுக்குட்டியை, மற்றவை ஒதுக்கி வைக்கும். பிறகு வெள்ளம் வரும், அல்லது நரி வரும். ஒதுக்கப்பட்டதுதான் எல்லோரையும் காப்பாற்றும். உடனே கூட்டம் அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும். பெரியவர்களுக்கு நல்ல கதை மாதிரித்தான் தெரியும். இடைவேளையில் மதிலோரம் நிற்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதில் என்ன விளங்கும்? உன்னைச் சேர்க்க வேண்டுமென்றால் நீ முதலில் பெரிய காரியம் ஒன்று செய்து காட்டு என்றுதான் விளங்கும். அந்தப் பிள்ளை எந்த நரியைத் துரத்தப் போகிறது? இப்படிப்பட்ட புத்தகத்தைத் தனித்து நிற்கும் பிள்ளைகளுக்கு நான் வாசிப்பதே இல்லை.

சின்னக் காரியத்தால் நிலைமை மாறுகிற கதையைத் தேடுங்கள். யாரோ ஒருவர் வாங்கில் கொஞ்சம் அரக்கி இடம் விடுகிறார். யாரோ நாவற்பழத்தில் இரண்டை நீட்டுகிறார். அது போதும். 2013இல் ட்ரூடி லட்விக் எழுதி பட்ரீஸ் பார்ட்டன் படம் வரைந்த 'தி இன்விசிபிள் போய்' என்ற ஆங்கிலப் புத்தகத்தை நான் படத்தைக் காட்டித் தமிழில் சொல்லுவேன். வகுப்பில் யாரும் கவனிக்காத பிரையன் என்ற பையனைத் தொடக்கத்தில் பென்சில் சாம்பல் நிறத்தில் மட்டும் வரைந்திருப்பார்கள். மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் நிறம் இருக்கும். புதிதாக வந்த ஒரு பையனின் சாப்பாட்டைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்க, பிரையன் அவனுக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதுவான். அவ்வளவுதான் அவன் செய்வது. அதற்குப் பிறகு பக்கத்துக்குப் பக்கம் அவனில் நிறம் ஏறிக்கொண்டு வரும். நான் ஒன்றும் சொல்லாமலே பிள்ளைகள் "ரீச்சர், அவனுக்குக் கலர் வருது!" என்று எழும்பி நிற்பார்கள்.

சொல்லை மூடிவிட்டுப் படத்தைப் பாருங்கள்

கீழே உள்ள எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு ஒருதரம் புரட்டுங்கள். எந்தப் பிள்ளை தனித்து நிற்கிறது என்பது படத்திலிருந்தே தெரிகிறதா? நல்ல ஓவியர் அதைக் கண்ணீர்த் துளி போட்டுக் காட்ட மாட்டார். உருவத்தைச் சிறிதாக்கி ஒரு மூலையில் வைப்பார். சுற்றிவர வெறும் இடம் விடுவார். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்க்க, இந்தப் பிள்ளை மட்டும் பக்கத்துக்கு வெளியே பார்க்கும். இரண்டு பக்கப் படமென்றால் நடு மடிப்புக்கு அந்தப் பக்கம் கூட்டம், இந்தப் பக்கம் ஒரு ஆள். எழுத்தில் "அவள் மிகவும் கவலைப்பட்டாள்" என்று இருக்க, படத்தில் எல்லோரும் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றால் அந்தப் புத்தகத்தை வைத்துவிடுங்கள். எழுத்துத் தெரியாத பிள்ளை படத்தைத்தான் வாசிக்கிறது.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். தனியே இருக்கிற பிள்ளைகள் எல்லோரும் வாடிப்போனவர்கள் அல்ல. எறும்பு ஊர்வதைப் பார்த்துக்கொண்டு நாள் முழுக்கச் சந்தோசமாக இருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆர்னல்ட் லோபல் 1979இல் வெளியிட்ட தவளை–தேரைக் கதைகளில் ஒன்று இதற்கென்றே எழுதியது போலிருக்கும். தவளை, தான் தனியே இருக்க விரும்புவதாக எழுதி வைத்துவிட்டுப் போய்விடும். தேரை பதறிப்போய்ச் சாப்பாடும் கட்டிக்கொண்டு தேடிப் போகும். போனால் தவளைக்குக் கவலையே இல்லை. அது தன் சந்தோசத்தை நினைத்துப் பார்க்கத்தான் தனியே வந்திருக்கிறது. இந்தக் கதையைத் தாய்மாருக்கும் சேர்த்துத்தான் நான் சொல்வது.

புத்தகம் எங்கே எடுப்பது

கடையில்தான் வாங்க வேண்டும் என்றில்லை. இந்தியாவின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் ஏராளம், காசில்லை. வாசிப்புத் தரத்தைப் பொறுத்து நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். அச்செடுக்கவும் மற்றவர்களோடு பகிரவும் உரிமை தந்திருக்கிறார்கள், எழுதியவர் வரைந்தவர் பெயரை மட்டும் விடாமல் போட வேண்டும். சென்னைத் தூலிகா பதிப்பகத்தின் புத்தகங்கள் கிடைத்தால் விடாதீர்கள். றூம் டு றீட் நிறுவனம் இலங்கையில் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட்ட படப் புத்தகங்கள் சில பள்ளி நூலகங்களில் உண்டு, கேட்டுப் பாருங்கள். இந்தியத் தமிழில் உள்ளதை வாசிக்கும்போது எங்கள் பேச்சுக்கு மாற்றிச் சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே ஒட்டும்.

எழுத்தே இல்லாத படப் புத்தகம் ஒன்றாவது வைத்திருங்கள். திருகோணமலையில் இது பெரிய உதவி. எங்கள் வாசிப்பு வட்டத்துக்குத் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் வருகிறார்கள், பக்கத்து வீதியிலிருந்து சிங்களப் பிள்ளைகளும் வருகிறார்கள். எழுத்துள்ள புத்தகத்தைத் திறந்தால் அந்த வீதிப் பிள்ளைகள் சும்மா இருக்க வேண்டும். எழுத்தில்லாத புத்தகத்தில் ஒருவர் சிங்களத்தில் ஒரு பக்கம் சொல்ல, மற்றவர் தமிழில் அடுத்த பக்கம் சொல்லலாம். புத்தகம் முடிவதற்குள் இரண்டு பேரும் ஒரே பாயில் நெருங்கி இருப்பார்கள்.

வாசிக்கும்போது

முக்கியமான விசயம்: தனித்து நிற்கும் பிள்ளையைக் கூப்பிட்டு முன்னுக்கு இருத்தி "இது உனக்காகத்தான்" என்று வாசிக்காதீர்கள். எல்லோருக்கும் சேர்த்து வாசியுங்கள். இந்தக் கதைகள் கூட்டாளி நிறைய உள்ள பிள்ளைகளுக்குத்தான் இன்னும் தேவை. வாங்கில் அரக்கி இடம் விட வேண்டியவர்கள் அவர்கள்தானே. "அவளோட கோவம், நீயும் கதைக்காத" என்று கட்டளை போடுகிற பிள்ளையும் அந்த வட்டத்தில்தான் இருக்கும்.

படம் எல்லோருக்கும் தெரிய, புத்தகத்தைத் தோளுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, அட்டையிலிருந்து தொடங்குங்கள். தனித்து நிற்கும் படம் வரும் பக்கத்தில் வாசித்து முடித்தவுடன் திருப்ப வேண்டாம். பேசாமல் இருங்கள். எங்களுக்கு அந்த நேரம் நீளமாகத் தெரியும், வாய் துறுதுறுக்கும். ஆனாலும் பொறுங்கள்.

எங்கள் வட்டத்துப் பெரிய பிள்ளைகள் கீறிய புத்தகம் ஒன்றில், சீசோவின் ஒரு நுனியில் கரடிக்குட்டி இருக்கும். அந்த நுனி தரையில் பதிந்து கிடக்க, மற்ற நுனி வெறுமையாக மேலே நிற்கும். எழுத்துக் கிடையாது. அந்தப் பக்கத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். "அதுக்குப் பாரம் கூட" என்றான் ஒருவன். "மற்றவர் ஐஸ்பழம் வாங்கப் போயிட்டார்" என்றான் இன்னொருவன். பின் வரிசையில், வழக்கமாக வாய் திறக்காத ஒரு பிள்ளை, "அது பெல் அடிக்கும் வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்கு" என்றாள்.

இடைவேளை எப்போது முடியும் என்று காத்திருக்கிற பிள்ளைக்குத்தான் அப்படிச் சொல்ல வரும். இந்த மாதிரி ஒரு பதில் வந்தால் என்ன செய்வது? "ஓம்" என்று சொல்லுங்கள். மற்றப் பதில்களுக்குச் சொன்ன அதே "ஓம்". பிறகு பக்கத்தைத் திருப்புங்கள். அந்த இடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி "ஏன் அம்மா, உனக்கும் அப்படியா?" என்று கேட்டால் அந்தப் பிள்ளை அடுத்த கிழமை வாய் திறக்காது. அன்றைக்கு அவளுடைய அம்மம்மா கூட்டிப் போக வந்தபோது, இடைவேளையில் பிள்ளை யாரோடு நிற்கிறாள் என்று வகுப்பு ரீச்சரிடம் ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ என்று தனியே சொன்னேன். புத்தகத்தின் வேலை அவள் அதைச் சொன்னதோடு முடிந்தது. மிச்சம் பெரியவர்கள் செய்ய வேண்டியது.

கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன படிப்பினை?" என்று கேட்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், நீங்கள் எதிர்பார்க்கிற பதிலைச் சேர்ந்து ஒப்புவிப்பார்கள். அதற்குப் பதிலாக ஆட்கள் நிறைந்த ஒரு பக்கத்தைத் திரும்ப விரித்து, "இந்தப் படத்துக்குள்ள நீங்கள் எங்க நிப்பீங்கள்? விரல் வையுங்கோ" என்று கேளுங்கள். பேசக் கூச்சப்படும் பிள்ளையும் விரல் வைக்கும். சிலர் கூட்டத்தின் நடுவில் வைப்பார்கள், சிலர் மரத்துக்குப் பின்னால் வைப்பார்கள். ஏன் என்று கேட்க வேண்டாம். மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே ஒன்று செய்ய

கடையில் விற்கும் படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம். பெரிய தாளில் அச்சடித்து மடித்து வெட்டும் முறைக்கு அந்தக் கணக்கு பொருந்தி வருகிறது. பிள்ளைகளோடு செய்ய 16 பக்கம் தாராளம். நான்கு ஏ4 தாள்களை ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்தால் 16 பக்கம் வரும். மேலே பிறிஸ்டல் போர்ட் அட்டை. மடிப்பில் மூன்று துளை போட்டு, நடுத் துளையில் உள்ளேயிருந்து ஊசியை இறக்கி, மேல் துளை, கீழ்த் துளை என்று கோர்த்து, திரும்பவும் நடுவுக்கு வந்து முடிச்சுப் போடுங்கள். ஸ்ரேப்ளர் கம்பி எங்கள் உப்புக் காற்றுக்குக் கெதியில் துருப்பிடித்துவிடும், நூல்தான் நல்லது.

கதை தேடி வெளியே போக வேண்டியதில்லை. பிரெட்றிக் கோட்டைக்குள்ளும் ரவுணுக்குள்ளும் புள்ளிமான்கள் திரிவதை இங்கே எல்லாப் பிள்ளையும் கண்டிருக்கிறது. கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் கூட்டத்தை விட்டுப் பிரிந்து நிற்கும் ஒரு மான். அது யாரைத் தேடுகிறது, யார் அதைப் பார்க்கிறார்கள் என்று கேட்டாலே பிள்ளைகள் கதையை இழுத்துக்கொண்டு போவார்கள்.

ஒரு விசயத்தில் மட்டும் பெரியவர்களுடைய கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. ஒரு பையன் கடற்கரை வரும் பக்கத்தில் மானை விரல் நுனி அளவுக்கு மூலையில் கீறிவிட்டுப் பாஸ்டலைக் கீழே வைத்துவிட்டான். உதவிக்கு வந்த அக்கா, "இவ்வளவு இடம் வெறுமையாக் கிடக்கு, கடலை நிரப்பிக் கலர் அடி" என்றார். பள்ளிச் சித்திரப் போட்டிகளில் பின்னணி நிரம்பியிருக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி எங்கள் எல்லோருக்கும் அது ஊறிவிட்டது. இங்கே அந்த வெள்ளைதான் படம். அந்தப் பையன் என்ன செய்கிறான் என்று அவனுக்குத் தெரியும். விட்டுவிடுங்கள்.

அம்மா வெளிநாட்டில் இருந்தால்

எங்கள் மாவட்டத்தில் சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் வீட்டு வேலைக்குப் போன தாய்மார் நிறையப் பேர். பிள்ளைகள் அம்மம்மாவோடு இருக்கிறார்கள். அந்த நாடுகளின் நேரம் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னுக்கு. பிள்ளை படுக்கிற எட்டு மணிக்கு அங்கே ஐந்தரை, தாய் குசினியில் நிற்கிற நேரம். நேரடியாக அழைத்து வாசிக்கச் சொன்னால் நடக்காது. அதனால் ஸ்டோரிவீவர் புத்தகம் ஒன்றை வாட்ஸ்அப்பில் தாய்க்கு அனுப்புங்கள். வேலை முடிந்து அறைக்கு வந்த பிறகு வாசித்துக் குரல் பதிவாக அனுப்பட்டும். அச்செடுத்த அதே புத்தகம் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் தாய் ஒருதரம் கை தட்ட வேண்டும் என்று முதலே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளை படத்தைத் தவறவிட்டுவிடும்.

இதற்குப் பிரிவுக் கதை வேண்டாம். குரங்கு பப்பாசிப்பழம் களவெடுக்கிற மாதிரிச் சிரிப்புக் கதையாகப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். வாசிக்கிற தாய்க்கும் குரல் தழுதழுக்கக் கூடாது.

பிள்ளை சாப்பிடாமல், பள்ளிக்குப் போகமாட்டேன் என்று நாள்கணக்கில் அழுதால், அல்லது யாரோ அடிக்கிறார்கள், பயமுறுத்துகிறார்கள் என்று தெரிந்தால் புத்தகத்தோடு நிற்க வேண்டாம். வகுப்பு ரீச்சரிடம் பேசுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929, தமிழிலும் பேசலாம். அம்மம்மாவின் ஃபோனில் அந்த இலக்கத்தை நீங்களே பதிந்து கொடுங்கள். குரல் பதிவுகளையும் அழியாதபடி வேறொரு இடத்தில் சேமித்து வையுங்கள், நினைவகம் நிரம்பினால் யாராவது முதலில் அழிப்பது அவற்றைத்தான்.