டாக்கரில் ஓடும் போஸ்ட்கிரெஸ் நின்றுபோனால்: கோளாறைத் தேடும் முறை

பல குழுக்கள் பங்கிட்டுக்கொள்ளும் ஒரு லினக்ஸ் சர்வரில், டாக்கர் கண்டெய்னருக்குள் (செயலியைத் தனியாகப் பிரித்து ஓட்டும் பெட்டி) ஓடும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் திடீரென்று பதில் தராமல் போனால், புதியவர்கள் பெரும்பாலும் உடனே அதை ரீஸ்டார்ட் செய்கிறார்கள். தயவுசெய்து அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கண்டெய்னர் மறுபடி தொடங்கியதும் அது எந்த நிலையில் நின்றது என்ற விவரம் அழிந்துவிடும். கண்டெய்னரையே நீக்கினால் அதன் லாக்கும் (நிகழ்வுப் பதிவு) போய்விடும். ஒன்றை மட்டும் மனத்தில் இருத்துங்கள்: கண்டெய்னருக்குக் கோப்புகளும் நெட்வொர்க்கும் தனியாகத் தெரிந்தாலும், கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), நினைவகம், வட்டு மூன்றும் அண்டை வீட்டாருடன் பொதுவானவை.

முதல் படி, நிலையைப் பார்ப்பது. ‘டாக்கர் பிஎஸ்’ கட்டளையை ‘-ஏ’ சேர்த்துக் கொடுத்தால் நின்றுபோன கண்டெய்னர்களும் தெரியும். அங்கே எக்ஸிட் கோடு (எப்படி நின்றது என்பதைச் சொல்லும் எண்) 137 என்றிருந்தால், 128 உடன் 9 சேர்ந்த எண் அது. அதாவது 9ஆம் எண் சிக்னலால் வலுக்கட்டாயமாக நிறுத்தப்பட்டிருக்கிறது. நினைவகம் தீர்ந்ததால் கெர்னலே அதைச் செய்ததா என்பதை ‘டாக்கர் இன்ஸ்பெக்ட்’ காட்டும் நிலைப் பகுதியில் பாருங்கள்.

கண்டெய்னர் நிற்காமலேயே இதே கோளாறு நேர்வதும் உண்டு. கெர்னல் போஸ்ட்கிரெஸின் துணைச் செயல்களில் ஒன்றை மட்டும் கொன்றால், தலைமைச் செயல் மற்ற இணைப்புகளையும் துண்டித்துவிட்டு மீட்புப் பணியைத் தொடங்கும். வெளியிலிருந்து பார்த்தால் கண்டெய்னர் நன்றாக ஓடுவதாகவே தோன்றும். எனவே ‘டாக்கர் லாக்ஸ்’ வழியாக லாக்கை முழுவதும் படியுங்கள். சிக்னல் 9 பற்றிய வரி இருந்தால், ஹோஸ்ட் சர்வரில் (கண்டெய்னர்கள் ஓடும் மூல சர்வர்) கெர்னலின் செய்திகளைக் காட்டும் ‘டிமெசேஜ்’ (dmesg) பார்த்து உறுதி செய்யலாம். இதற்குக் காரணம் பெரும்பாலும் கணக்குத் தவறு. கண்டெய்னருக்குள் ‘ஃப்ரீ’ கட்டளை காட்டுவது ஹோஸ்டின் மொத்த நினைவகத்தை. உங்களுக்கு ஒதுக்கப்பட்ட அளவை அது காட்டாது. 64 ஜிபி என்று நம்பி அதில் கால் பங்கை ஷேர்டு பஃபருக்கு (போஸ்ட்கிரெஸ் தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) கொடுத்தவருக்கு உண்மையில் 4 ஜிபி மட்டுமே வரம்பாக இருக்கலாம்.

அடுத்து, ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்ற செய்தி. ஒரு மாதக் கடைசியில், பெரிய அறிக்கைக்கான வினவலை ஓட்டியபோது எனக்கு இது வந்தது. வட்டில் பாதிக்கு மேல் காலியாக இருந்தும் இடமில்லை என்றதால், பழைய கோப்புகளை அழிப்பதிலேயே ஒரு மணி நேரத்தைக் கழித்தேன். லாக்கின் அதே வரியில், பகிர்வு நினைவகத் துண்டைப் பெரிதாக்க முடியவில்லை என்று தெளிவாக எழுதியிருந்தது. வினவலைப் பல செயல்களாகப் பிரித்து ஓட்டும்போது போஸ்ட்கிரெஸ் பயன்படுத்தும் ‘/டெவ்/எஸ்எச்எம்’ பகுதிக்கு டாக்கர் இயல்பாகத் தருவது 64 எம்பி மட்டுமே. கண்டெய்னரை உருவாக்கும்போது ‘எஸ்எச்எம்-சைஸ்’ அளவை 256 எம்பி அல்லது அதற்கு மேல் கொடுத்தால் தீர்ந்துவிடும். இதற்குக் கண்டெய்னரைப் புதிதாக உருவாக்க வேண்டும் என்பதால், தரவு வால்யூமில் (கண்டெய்னரை நீக்கினாலும் அழியாத சேமிப்பிடம்) இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

தரவுத்தளம் ஓடியும் செயலியால் இணைய முடியவில்லை என்றால் முகவரியைச் சரிபாருங்கள். இன்னொரு கண்டெய்னரில் இருக்கும் செயலிக்கு ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்பது அதன் சொந்த வீடு. அங்கே தரவுத்தளம் இல்லை. இரண்டையும் நீங்கள் உருவாக்கிய ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் சேர்த்து, கண்டெய்னரின் பெயரையே முகவரியாகக் கொடுங்கள். ஹோஸ்டில் போஸ்ட்கிரெஸின் வழக்கமான 5432 போர்ட்டை வேறு குழு எடுத்திருந்தால் 5433ஐத் திறக்கலாம், ஆனால் சர்வருக்குள் மட்டும் எட்டும் முகவரியான 127.0.0.1 உடன் சேர்த்தே திறங்கள். இல்லையென்றால் டாக்கர் திறக்கும் போர்ட், யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் விதிகளைத் தாண்டி வெளியுலகுக்குத் தெரிந்துவிடும்.

கடைசியாக ரீஸ்டார்ட். இங்கே ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. பழைய கண்டெய்னர் ஓடும்போதே அதே வால்யூமில் இன்னொன்றைத் தொடங்காதீர்கள். சாதாரண சர்வரில் போஸ்ட்கிரெஸ் தன் பூட்டுக் கோப்பில் உள்ள செயல் எண்ணைப் பார்த்து இரண்டாவது பிரதியைத் தடுத்துவிடும். கண்டெய்னருக்குள் வழக்கமாக இரண்டு பிரதிகளின் எண்ணும் 1. ஆகவே புதியது அந்தக் கோப்பைத் தன் பழைய மிச்சம் என்றே எடுத்துக்கொள்ளும். பகிர்வு நினைவகத்தைச் சோதித்தாலும், தனித்தனி அறைகள் என்பதால் ஒன்றின் கண்ணுக்கு மற்றது படாது. இரண்டும் ஒரே கோப்புகளில் எழுதத் தொடங்கினால் தரவு சிதைந்துவிடும்.

‘டாக்கர் ஸ்டாப்’ இயல்பாக 10 விநாடிதான் காத்திருந்து, பிறகு கொன்றுவிடும். ‘-டி’ சேர்த்து 60 விநாடியாவது கொடுங்கள். பழையது நின்றுவிட்டதை ‘டாக்கர் பிஎஸ்’ காட்டிய பிறகு தொடங்கி, இணைப்புகளை ஏற்கத் தயார் என்ற வரி லாக்கில் வரும்வரை காத்திருந்து செயலியை இணையுங்கள்.