ஒன்பது மாதம் ஆகாத குழந்தையும் தட்டம்மையும்: என்ன பார்க்க வேண்டும், என்ன செய்ய வேண்டும்

தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா இரண்டையும் தடுக்கும் எம்.ஆர். தடுப்பூசியின் முதல் தவணையை ஒன்பது மாதம் முடிந்த பிறகுதான் போடுகிறார்கள். அதுவரை தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்திதான் காப்பு. அதுவும் மாதம் ஆக ஆகக் குறையும். ஊசி போடாத அம்மாவாக இருந்து, தட்டம்மையும் வந்திராவிட்டால் அந்தக் காப்பும் கிடையாது.

படி 1: வீட்டில் மற்றவர்களின் தடுப்பூசி அட்டையை எடுங்கள்

மூத்த பிள்ளைக்கு 9 மாதத்திலும், 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் என இரண்டு தவணையும் போட்டாயிற்றா? விட்டுப்போயிருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி இப்போதே போட்டுவிடுங்கள். கைக்குழந்தைக்கு நோய் வீட்டு ஆட்கள் வழியாகவும் வரலாம். காய்ச்சலோடு வரும் உறவினரிடம், "அப்புறம் வந்து தூக்குங்க அத்தை" என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

படி 2: அடையாளம் காணுங்கள்

முதலில் காய்ச்சல், கூடவே இருமல், மூக்கொழுகல், சிவந்து நீர் வடியும் கண்கள். இந்தக் கட்டத்தில் வெறும் சளி என்றுதான் தோன்றும். கன்னத்தின் உட்புறம் உப்புக்கல் மாதிரி வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். தெரியாவிட்டால் தட்டம்மை இல்லை என்று அர்த்தமில்லை. இரண்டு முதல் நான்கு நாளில் காதுக்குப் பின்னால், நெற்றியில் தடிப்பு தொடங்கி, முகம், மார்பு, வயிறு, கால் என்று கீழே இறங்கும். கறுத்த நிறக் குழந்தைக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, வெளிச்சத்தில் வைத்துக் கையால் தடவிப் பாருங்கள். நீர் கோத்த கொப்புளம் என்றால் அது சின்னம்மையாக இருக்கலாம். வேர்க்குருவுக்குக் காய்ச்சல் வராது.

படி 3: தட்டம்மை வந்தவரின் பக்கத்தில் குழந்தை இருந்துவிட்டால்

காத்திருந்து பார்க்காதீர்கள். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போடலாமா என்று மருத்துவர் முடிவு செய்வார். அதைவிடச் சின்னக் குழந்தை என்றால் 6 நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிர்ப்புப் புரதம்) ஊசி உதவும். முன்கூட்டிப் போட்ட தடுப்பூசி கணக்கில் சேராது. ஒன்பது மாதத்தில் மறுபடியும் போட வேண்டும்.

படி 4: வந்துவிட்டால்

வேப்பிலை கட்டுவது உங்கள் விருப்பம். வாசலில் கட்டினால் ஆட்கள் உள்ளே வராமல் இருப்பார்கள், அதில் லாபம்தான். ஆனால் அம்மன் வந்திருக்கிறாள் என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பது மட்டும் வேண்டாம். கிளம்பும் முன் போன் செய்து சொல்லிவிடுங்கள். நோயாளி போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி அறைக்காற்றில் இருக்கும். தடிப்பு வருவதற்கு 4 நாள் முன்பிருந்து, வந்த பின் 4 நாள் வரை நோய் தொற்றும்.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். வைட்டமின் ஏ சொட்டு மருந்தை அடுத்தடுத்து இரண்டு நாள் தருவார்கள். வயதுக்கேற்ப அளவு மாறும், நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். வேகமாக மூச்சு வாங்குதல், பால் குடிக்காமை, வலிப்பு, எழுப்பினாலும் எழாமை, கருவிழியில் வெண்மை: இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108-க்கு அழையுங்கள்.

குணமான குழந்தைக்கும் உரிய வயதில் எம்.ஆர். ஊசி உண்டு. போட்டு ஒரு வாரம் கழித்து லேசான காய்ச்சலோ தடிப்போ வரலாம், தானாகவே அடங்கிவிடும்.