நம்பர் ஒன் மொழி என்றால் எதில் நம்பர் ஒன்?

டேட்டா வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில் உட்காருகிறவன் நான். பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியைப் படித்தவர்களிடம் "ஏன் பைத்தான் எடுத்தீங்க?" என்று கேட்டால் அடிக்கடி வரும் பதில்: "அதுதான் சார் நம்பர் ஒன்."

பொய்யில்லை. 2021 அக்டோபரில் சி, ஜாவா மொழிகள் இரண்டையும் தாண்டி, புரோகிராமிங் மொழிகளை வரிசைப்படுத்தும் டியோபி பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது பைத்தான். ஆனால் எந்தப் பட்டியலைக் கையில் எடுத்தாலும், எதை எண்ணியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். மொழியின் பெயரோடு 'புரோகிராமிங்' என்று சேர்த்துத் தேடினால் தேடுபொறிகள் எத்தனை முடிவுகள் காட்டுகின்றன என்பதுதான் டியோபியின் கணக்கு. பிஒய்பிஎல் என்ற இன்னொரு பட்டியல், கூகுளில் அந்த மொழிக்குப் பாடம் தேடுகிறவர்களை எண்ணுகிறது. மூன்றாவதான ரெட்மங்க், நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தையும் நிரல் பற்றிய கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவையும் வைத்துக் கணக்கிடுகிறது. சம்பளம் கொடுக்கிறவர் என்ன கேட்கிறார் என்பது இந்த மூன்றிலுமே இல்லை.

அதற்கு ஐஈஈஈ ஸ்பெக்ட்ரம் என்ற பொறியியல் இதழின் பட்டியலைத் திறங்கள். வேலைவாய்ப்புக்கென்று தனி வரிசை வைத்திருக்கிறார்கள். 2022, 2023 இரண்டு வருடமும் பொது வரிசையில் பைத்தான் முதலிடம். வேலை வரிசையில், டேட்டாபேஸிலிருந்து டேட்டாவைக் கேட்டு எடுக்கும் மொழியான எஸ்கியூஎல். 2025-ல்தான் வேலை வரிசையிலும் பைத்தான் முந்தியது. 1970-களில் பிறந்த எஸ்கியூஎல்லைப் பற்றி யாரும் பரபரப்பாகப் பேசுவதில்லை. ஆனால் டேட்டா உட்கார்ந்திருக்கும் இடத்தில் அது இல்லாமல் வேலை நகராது.

அடுத்து, உங்களுக்கென்று ஒரு பட்டியல் போடுங்கள். விரும்பும் பதவிக்கு முப்பது வேலை விளம்பரங்களைச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் எந்த மொழி 'கட்டாயம்', எது 'தெரிந்தால் நல்லது' என்று ஷீட்டில் குறியுங்கள். பைத்தானுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் விடாதீர்கள். பாண்டாஸ், ஸ்பார்க் என்று டேட்டாவைக் கையாளும் கருவிகள் இருந்தால் டேட்டா வேலை. இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோ என்றிருந்தால் அது வெப் வேலை. பைத்தானின் உயரத்தில் இந்த இரண்டுமே கலந்திருக்கின்றன, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

இனி படிப்பது. நான் கேட்கும் கேள்வி ஒன்றையே சொல்லிவிடுகிறேன். ஆர்டர் டேபிள் ஒன்று, பேமென்ட் டேபிள் ஒன்று. ஒரு வாடிக்கையாளர் 10,000-க்கு ஒரே ஆர்டர் போட்டு, பணத்தை இரண்டு தவணையாகக் கட்டியிருக்கிறார். அவருடைய மொத்த ஆர்டர் மதிப்பு எவ்வளவு? இரண்டு டேபிளையும் ஆர்டர் எண்ணை வைத்து ஜாயின் செய்து (இணைத்து) ஆர்டர் தொகையைக் கூட்டினால் 20,000 வரும். குவெரியில் (எழுதிய எஸ்கியூஎல் கட்டளையில்) எழுத்துப் பிழைகூட இருக்காது, விடை மட்டும் தப்பு. தவணைக்கு ஒன்றாக, ஒரே ஆர்டர் டேபிளில் இரண்டு வரிசையாக (ரோ) ஆகிவிட்டது. ஒருமுறை ஒரு பெண் தொடரியலில் (கட்டளை எழுதும் இலக்கணத்தில்) இரண்டு இடம் தடுமாறினார். ஆனால் ரிசல்ட்டைப் பார்த்ததும், "இந்த ஆர்டர் ரெண்டு தடவை வந்திருக்கே" என்றார். அவரைத்தான் எடுத்தோம். அந்தக் கண்ணுக்குத்தான் சம்பளம். அதை எந்தத் தரவரிசையும் எண்ணுவதில்லை.

இதை வீட்டிலேயே பழகலாம். இலவசமாகக் கிடைக்கும் ஏதாவது டேட்டாசெட்டில், ஜாயினுக்கு முன்னும் பின்னும் வரிசைகளின் எண்ணிக்கையைக் குறித்து, வித்தியாசம் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். முதலில் எஸ்கியூஎல்லில். கை பழகியதும் அதையே பாண்டாஸில் மெர்ஜ் என்ற இணைப்புக் கட்டளை கொண்டு செய்து பாருங்கள். அங்கே 'வேலிடேட்' என்று ஓர் அளவுரு (ஆப்ஷன்) இருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று என்று அதில் சொல்லிவிட்டால், இணைக்கப் பயன்படும் சாவி (ஆர்டர் எண் போன்றது) இரட்டிப்பாக இருக்கும் இடத்தில் பிழை காட்டி அங்கேயே நின்றுவிடும்.