ராஸ்பெர்ரி பைக்கு அடாப்டர் வாங்குகிறீர்களா? முதலில் கேபிளைப் பாருங்கள்

வீட்டில் ஒரு ராஸ்பெர்ரி பை 4 (உள்ளங்கை அளவுக் குட்டிக் கணினி, சுருக்கமாக ‘பை’) ஓடுகிறது. அதில் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை மாட்டி, குடும்பப் படங்களைச் சேமித்து வருகிறேன். பேக்கப் ஓடும் இரவுகளில் மட்டும் டிஸ்க் காணாமல் போய்விடும். காலையில் பார்த்தால் பை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், டிஸ்க் மட்டும் இருக்காது. டிஸ்க்கை மாற்றினேன். ஓஎஸ்ஸைப் புதிதாகப் போட்டேன். ஒரு வாரம் போனது. கடைசியில் பார்த்தால், அடாப்டரிலிருந்து பைக்கு மின்சாரம் கொண்டுவர, மேசை டிராயரிலிருந்து எடுத்து மாட்டிய ஒரு மீட்டர் கேபிள்தான் காரணம்.

முதலில் கணக்கு. பை 4 சும்மா இருந்தால் சுமார் 0.6 ஆம்பியர் போதும். ப்ராசஸரின் நான்கு கோரும் முழுமூச்சில் ஓடினால் 1 ஆம்பியரைத் தாண்டும். இரண்டரை அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் தனியாக 1 ஆம்பியர் வரை கேட்கும். ஆக 3 ஆம்பியர் அடாப்டர் தாராளம்.

அடுத்து, அடாப்டரில் பொடி எழுத்தில் இருக்கும் ‘அவுட்புட்’ வரியைப் படியுங்கள். அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் வாட் கணக்கை மறந்துவிடுங்கள். 9 வோல்ட், 12 வோல்ட் எல்லாம் போனுக்கு. பை எடுத்துக்கொள்வது 5 வோல்ட் மட்டும்தான். அந்த 5 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்பதே கேள்வி. என் அடாப்டரில் 3 ஆம்பியர் என்றுதான் இருந்தது, பொய்யும் இல்லை. அதனால்தான் ஒரு வாரம் அதன்மேல் சந்தேகமே வரவில்லை.

சரி, இப்போது கேபிள். விலை குறைந்த கேபிள்களுக்குள் 28 கேஜ் (கம்பியின் தடிமனைச் சொல்லும் எண்) கம்பிதான் பெரும்பாலும் இருக்கும், கிட்டத்தட்ட முடி மாதிரி. அதன் மின்தடை மீட்டருக்கு 0.21 ஓம். மின்சாரம் போகவும் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும். எனவே ஒரு மீட்டர் கேபிள் என்றால் இரண்டு மீட்டர் கம்பி, 0.42 ஓம். பை சும்மா இருக்கும்போது இதில் கால் வோல்ட் குறையும்; போர்டுக்கு 4.75 வோல்ட் வந்துவிடும், பிரச்சினை தெரியாது. டிஸ்க்கும் சேர்ந்து 1.5 ஆம்பியர் இழுத்தால் 0.63 வோல்ட் குறையும். போர்டில் மிஞ்சுவது 4.37. பை ‘மின்னழுத்தம் போதவில்லை’ என்று எச்சரிக்கும் எல்லை ஏறக்குறைய 4.63 வோல்ட். பேக்கப் ஓடும்போது மட்டும் டிஸ்க் ஏன் விழுந்தது என்று இப்போது புரிகிறதா?

அதிகாரபூர்வ அடாப்டர் 5-க்குப் பதில் 5.1 வோல்ட் தருவதும் இந்தக் கம்பி இழப்பை ஈடுகட்டத்தான். அதில் கேபிள் பிரிக்க முடியாதபடி சேர்ந்தே வருகிறது. முன்பு அது எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது அதைத்தான் வாங்கச் சொல்வேன். வேறு கேபிள்தான் வேண்டுமென்றால் 20 கேஜ், ஒரு மீட்டருக்குள். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும், குழம்பிவிடாதீர்கள். மேலே நைலான் பின்னல் இருப்பதை வைத்து உள்ளே கம்பி தடிமன் என்று நம்ப வேண்டாம்.

வாங்கியாயிற்றா? சோதித்துப் பாருங்கள். டெர்மினலில் (கட்டளை தட்டும் திரையில்) vcgencmd get_throttled என்று அடியுங்கள். விடை வெறும் 0 என்றால் நிம்மதி. 50005 என்று முடிந்தால் இப்போதே மின்னழுத்தம் போதவில்லை, வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது. 50000 என்றால் இப்போது சரி, ஆனால் பூட் ஆனதிலிருந்து ஒரு முறையாவது விழுந்திருக்கிறது. எனக்கு வந்தது இதுதான். டிஸ்க்கை நன்றாக ஓடவிட்டு, அப்புறம் பாருங்கள்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அடாப்டரைத் தனியாக அளந்து 5.1 காட்டுகிறது என்று திருப்திப்படாதீர்கள். சுமை இல்லாமல் எல்லா அடாப்டரும் நல்ல பிள்ளைதான். ஓடும் போர்டின் ஓரத்தில் உள்ள 40 பின் வரிசையில், 4-ஆவது பின்னுக்கும் (5 வோல்ட்) 39-ஆவது பின்னுக்கும் (கிரவுண்டு) இடையே அளக்க வேண்டும். 6-ஆவதும் கிரவுண்டுதான், ஆனால் 4-க்கு ஒட்டியே இருக்கிறது. முனை வழுக்கினால் ஷார்ட்.

பிற்சேர்க்கை: 65 வாட் லேப்டாப் சார்ஜர் போட்டும் பை 5 ‘மின்சாரம் போதாது’ என்கிறதே என்று சிலர் கமெண்டில் கேட்டிருந்தீர்கள். மேலே சொன்ன அதே அவுட்புட் வரிதான். அந்த 65 வாட், 20 வோல்ட்டில் கிடைப்பது. 5 வோல்ட்டில் பெரும்பாலும் 3 ஆம்பியர்தான். பை 5 எதிர்பார்ப்பது 5 ஆம்பியர். கிடைக்காவிட்டாலும் பூட் ஆகும், ஆனால் யூஎஸ்பி போர்ட்டுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 0.6 ஆம்பியரோடு நிறுத்திவிடும். 5 ஆம்பியர் கிடைத்தால் 1.6 வரை தரும். கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி சேர்த்து இந்தக் கட்டுப்பாட்டை நீக்கலாம்தான், ஆனால் அடாப்டரில் இல்லாத ஆம்பியரை அந்த வரி கொண்டுவராது. விசைப்பலகை, மவுஸ் மட்டும் என்றால் 3 ஆம்பியரே போதும். டிஸ்க் மாட்டுவதாக இருந்தால் 27 வாட் அதிகாரபூர்வ அடாப்டரை வாங்கிவிடுங்கள்.