பழைய காருக்கு எங்கே ரப்பர் புஷ், எங்கே பாலியூரித்தேன்

சஸ்பென்ஷன் புஷ் (பாகங்கள் சேரும் இடத்தில் அதிர்வைத் தாங்கும் வளையம்) மாற்றும்போது எல்லாவற்றையும் பாலியூரித்தேனில் (ரப்பரைவிடக் கெட்டியான பிளாஸ்டிக்) வாங்காதீர்கள். வளைவில் சாய்வைக் குறைக்கும் கம்பியான ஆன்ட்டி-ரோல் பாருக்குப் பாலியூரித்தேன், சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்முக்கு ரப்பர். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் ஓடும் ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப், டொயோட்டா டாஸ் வண்டிகளுக்கு அது போதும்.

ஆன்ட்டி-ரோல் பார் தன் புஷ்ஷுக்குள் சுழல்கிறது. அங்கே கெட்டியான பொருள் இருந்தால் வளைவில் வண்டி குறைவாகச் சாயும், சொகுசும் அதிகம் கெடாது. கன்ட்ரோல் ஆர்ம் ரப்பரோ இரும்புக் குழாயோடு ஒட்டியது, முறுகித்தான் அசைவுக்கு இடம் கொடுக்கும். ஸ்பீட் ஹம்ப் அதிர்வையும் அதுவே விழுங்கும். அதனால் அந்த போல்ட்டை வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். புதுப் புஷ் நிலைக்கவில்லை என்று புலம்புகிறவர்கள் மெக்கானிக்கிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

இன்ஜின் ஆயில் சொட்டும் வண்டிக்கு இந்த ரப்பர் யோசனை பொருந்தாது. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறி உப்பிவிடும். முதலில் கசிவை நிறுத்துங்கள், முடியாவிட்டால் கன்ட்ரோல் ஆர்முக்கும் பாலியூரித்தேன்தான். பாலியூரித்தேனுக்கு சிலிக்கோன் கிரீஸ் தடவ மறந்தால் கிரீச் கிரீச்சென்று தெருவே திரும்பிப் பார்க்கும்.